தூபக்கால் ஒன்று, பூச்சாடி இரண்டு

கி. பி. 1351ஆம் ஆண்டு, சீனப் பஞ்சாங்கத்தின் நான்காம் மாதத்திலே ஒரு நல்ல நாளில், யூஷான் என்னும் பகுதியைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்ற பக்தர் ஒருவர், தாம் வழிபட்ட தெய்வத்தின் கோயிலுக்கு மூன்று பொருள்களைக் காணிக்கையாக அளித்தார். தூபக்கால் ஒன்று, பூச்சாடி இரண்டு. தம் குடும்பம் முழுவதும் காக்கப்படவேண்டும், தம் ஆண்மக்களும் பெண்மக்களும் அமைதியாக வாழவேண்டும் என்ற வேண்டுதலையும், தம் பெயர், ஊர், ஆண்டு, மாதம் ஆகிய யாவற்றையும் அப்பூச்சாடிகளின் கழுத்திலே நீல எழுத்துகளால் எழுதுவித்தார்.

கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் உபயகாரர் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை நன்கு அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. (மின்விளக்கின் கண்ணாடியிலே தம் பெயரைப் பெரிதாக எழுதி, கொடுத்த வெளிச்சத்தைத் தாமே மறைத்துவிடும் உபயகாரரும் நம்மிடையே உளர்.) ஆனால் ஜாங் வென்ஜின் எழுதுவித்த அந்தச் சில வரிகள், ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு கலையின் சரித்திரத்தையே திருத்தி எழுதச் செய்தன. பூச்சாடிகள் இரண்டும் இன்று இலண்டன் மாநகரிலே, பிரித்தானிய நூதனசாலையின் 95ஆம் மண்டபத்தில், கண்ணாடிப் பேழைக்குள் அருகருகே நிற்கின்றன. தூபக்கால் மட்டும் அங்கே இல்லை.

கோயிலைவிட்டு நீங்கி, ஒன்றையொன்று பிரிந்து, வெவ்வேறு கைகளுக்குச் சென்ற அவ்விரண்டையும் மீண்டும் ஒன்று சேர்த்தவர் நம் அயல் நாடாகிய இந்தியாவிலே, பம்பாய் நகரில் பிறந்த ஒருவர். பழம்பொருள் சேகரித்தல் என்னும் பழக்கத்தின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே அறிய விரும்பும் மாணவர்க்கு அவருடைய வரலாற்றினும் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

சோற்றுப் பீங்கானும் சீன நாடும்

முதலிலே பீங்கானைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் வீடுகளிலே சோறுண்ணும் தட்டத்தைப் 'பீங்கான்' என்றே வழங்குகின்றோம். இச்சொல் பாரசீக மொழியிலிருந்து வந்ததென்பர். பொருளோ சீனத்துக்குரியது. ஊறுகாய் போட்டுவைக்கும் சாடியைச் 'சீனச்சாடி' என்று பாட்டிமார் சொல்லுவதிலே அந்த உண்மை தங்கியிருக்கிறது.

மண்பாண்டம் எந்நாட்டிலும் உண்டு. பீங்கான் செய்யும் வித்தையைச் சீனர் மட்டுமே நெடுங்காலம் அறிந்திருந்தனர். அதற்கு இருவகைப் பொருள்கள் வேண்டும். ஒன்று வெண்களிமண். இதனைக் 'கயோலின்' என்று இரசாயன நூல்கள் கூறும். ஜிங்தெஜென் என்னும் பீங்கான் நகருக்கு அண்மையிலுள்ள காவ்லிங் என்ற மலைப்பகுதியின் பெயரே அவ்வாறு திரிந்தது. மற்றையது, இடித்து மாவாக்கிய ஒருவகை வெண்கல். களிமண் உருவத்தைத் தாங்கும். கல்மா சூட்டிலே உருகிக் கண்ணாடிபோல் இடைவெளிகளை நிரப்பும். ஏறக்குறைய 1,300 பாகைச் சதமவளவை வெப்பத்திலே இரண்டும் ஒன்றாகிவிடும். அவ்வளவு சூட்டைத் தாங்கும் சூளையைக் கட்டத் தெரியாதவன் எத்துணைச் சிறந்த களிமண்ணை வைத்திருந்தும் பயனில்லை.

வெள்ளைப் பரப்பிலே தீட்டும் நீலம் கோபாற்று என்னும் உலோகத்தின் கலவை. ஜாங் வென்ஜின் வாழ்ந்த காலத்தில் அது பாரசீக நாட்டுப் பக்கத்திலிருந்து சீனத்துக்கு வந்தது. சூளையிலிடாத பச்சைப் பாத்திரத்தின்மேல் தூரிகையாற் சித்திரம் எழுதி, அதன்மேல் மெருகுக் குழம்பைப் பூசிச் சுடுவார்கள். பச்சைக் களிமண் மையை உடனே உறிஞ்சிவிடுமாதலால், எழுதியதை அழித்துத் திருத்த வழியில்லை. தூரிகை ஒருமுறை சென்றால் சென்றதுதான்.

ஜிங்தெஜென் நகரிலே தங்கியிருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்திரகோல் என்பவர் 1712ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கடிதமொன்றில், ஒரு பாத்திரம் முற்றுப்பெறுமுன் எழுபது தொழிலாளர் கைகளிற் படுகிறதென்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் குறித்துள்ளார். ஒருவன் நீலக் கோட்டை மட்டும் இடுவான். இன்னொருவன் பூவை மட்டும் எழுதுவான். வேறொருவன் மலையை மட்டும் தீட்டுவான். அவர்களில் ஒருவர் பெயரும் பாத்திரத்தில் இராது. அரசன் பெயரோ, உபயகாரன் பெயரோதான் இருக்கும்.

அறுநூறு வீரருக்கு நூற்றைம்பத்தொரு சாடி

இத்தகைய பொருளைக் கண்டு மேனாட்டு மன்னர்கள் பித்துக்கொண்டதில் வியப்பில்லை. ஜேர்மனியிலே சக்சனி நாட்டை ஆண்ட ஒகஸ்தஸ் மன்னன் தனக்குப் 'பீங்கான் நோய்' பிடித்திருப்பதாகத் தானே கூறிக்கொண்டவன். 1717ஆம் ஆண்டில் அவன் பிரஷ்ய மன்னனிடமிருந்து 151 சீனப் பாத்திரங்களைப் பெற்றுக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகத் தன் குதிரைப்படை வீரர் 600 பேரைக் கொடுத்துவிட்டான். அவற்றுட் பெரிய சாடிகளுக்கு 'குதிரைவீரர் சாடிகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. திரெஸ்டன் நகரிலே இன்றும் அவற்றைக் காணலாம். அந்த 600 பேரின் மனைவி மக்கள் இப்பண்டமாற்றைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எழுதிவைக்க எவரும் கவலைப்படவில்லை.

இதே மன்னன், பொன் செய்யத் தெரியுமென்று சொல்லித் திரிந்த பெட்கர் என்னும் இளைஞனைப் பிடித்து அடைத்துவைத்திருந்தான். அவனால் பொன் செய்ய முடியவில்லை. ஆனால் வேறோர் அறிஞரின் துணையோடு பீங்கானின் இரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டான். 1710ஆம் ஆண்டில் மைசன் நகரிலே ஐரோப்பாவின் முதலாவது பீங்கான் தொழிற்சாலை தோன்றியது. சேகரிப்பவனின் பேராசையிலிருந்தும் சில வேளைகளில் ஒரு கைத்தொழில் பிறந்துவிடுகிறது.

பம்பாயிற் பிறந்த பிரபு

இனி நம் கதாநாயகரிடம் வருவோம். பேர்சிவல் டேவிட் 1892ஆம் ஆண்டு பம்பாயிலே பிறந்தார். பக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர் மரபு அவருடையது. தந்தையார் சர் சசூன் டேவிட் பருத்தி நூல், நெசவு வியாபாரத்தாற் பெருஞ்செல்வரானவர். வங்கித் தொழிலிலும் முன்னின்றவர். தந்தையார் இறந்தபின் 1926இல் 'சர்' பட்டமும் செல்வமும் மகனிடம் வந்தன.

செல்வம் உள்ளவன் பழம்பொருள் வாங்குவதிலே பெருமை என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பணம் மட்டும் கொண்டு வாங்குபவன் ஏமாறுவான்; அல்லது வியாபாரி காட்டியதை மட்டுமே வாங்குவான். டேவிட் சீன மொழியைக் கற்றார். சீன அறிஞர்கள் தங்கள் கலையைப் பற்றித் தாங்களே எழுதிய நூல்களைத் தேடிப் படித்தார். 1388ஆம் ஆண்டில் ட்சாவ் ஜாவ் என்பவர் பழம்பொருள் ஆராய்ச்சி குறித்து இயற்றிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது அவரது பிற்கால உழைப்பாயிற்று. உடலை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோயொன்று அவரைப் பற்றியிருந்த காலம் அது. 1964இல் அவர் காலமானார். மொழிபெயர்ப்பு 1971இல் வெளிவந்தது.

அந்த 1388ஆம் ஆண்டு நூல் நமக்குச் சுவையான செய்தியொன்றைத் தருகிறது. நீலச் சித்திரம் தீட்டிய வெள்ளைப் பீங்கானை அந்நூலாசிரியர் மதிக்கவில்லை. மிகவும் இழிந்த இரசனை என்று ஒதுக்கிவிட்டார். ஆடம்பரமில்லாத, ஒரே நிறமுடைய, பழைய சுங் வமிசத்துப் பாத்திரங்களே அறிஞரின் மேசைக்கு ஏற்றவை என்பது அவர் கொள்கை. இன்று உலகமெங்கும் 'சீனப் பீங்கான்' என்றவுடன் மனக்கண்முன் தோன்றும் நீலமும் வெள்ளையும், அக்காலத்துப் பெரியோர்க்கு நாகரிகமற்ற புதுமோகமாகத் தோன்றியது. புதிய பாட்டுகளைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று வாசிக்கலாம்.

அவர் போற்றிய சுங் வமிசத்துப் பாத்திரங்களிலே தலையாயது 'ரூ' எனப்படும் வகை. மழை விட்ட பின் தெரியும் வானத்தின் மெல்லிய நீலப் பச்சை அதன் நிறம். சூளையில் ஒட்டிக்கொள்ளாதபடி நுண்ணிய முனைகள்மேல் நிறுத்திச் சுட்டதனால், அடியிலே எள்ளுப்போன்ற சிறு தழும்புகள் காணப்படும். கி. பி. 1100ஐ ஒட்டிய சில ஆண்டுகளே அரண்மனைக்காக இது செய்யப்பட்டது. 1127இல் வடநாட்டார் படையெடுப்பால் தலைநகர் வீழ்ந்தது, அத்தொழிலும் மறைந்தது. இன்று உலகத்திலே எஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு. அவற்றுள் 12ஐ டேவிட் தேடிச் சேர்த்தார். சூளை இருந்த இடமே எவருக்கும் தெரியாமலிருந்து, 1980களின் பிற்பகுதியில்தான் ஹெனான் மாகாணத்திலே கண்டறியப்பட்டது.

பூச்சாடிகள் பேசின

ஜாங் வென்ஜினின் பூச்சாடிகள் 1920களில் வெளியுலகுக்கு வந்தன. பீக்கிங் நகர வியாபாரிகள் அவற்றைப் போலியென்று சொல்லி ஒதுக்கினார்கள் என்பர். அவர்களைக் குறைகூற இயலாது. இவ்வளவு தேர்ச்சி பெற்ற நீல வெள்ளைப் பாத்திரங்கள் 1368இல் தொடங்கிய மிங் வமிசத்தின் காலத்திலேதான் தோன்றினவென்று யாவரும் நம்பியிருந்தனர். பூச்சாடியின் கழுத்திலோ அதற்குப் பதினேழு ஆண்டு முந்திய தேதி. எனவே தேதி பொய் என்று முடிவு செய்தனர். தாம் கற்றது பொய்யாக இருக்கலாமென்று நினைப்பதைவிட அது எளிதல்லவா?

1929ஆம் ஆண்டிலே பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஹொப்சன் என்னும் அறிஞர் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அப்போதும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. டேவிட் அவ்விரண்டையும் வெவ்வேறிடங்களிலிருந்து வாங்கி ஒன்று சேர்த்தார். ஆதலால் அவை இன்று அவர் பெயராலேயே 'டேவிட் பூச்சாடிகள்' என வழங்குகின்றன.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடி உயரம். அமைப்பு பழைய வெண்கலப் பாத்திரத்தைப் போன்றது. கழுத்தின் இருபுறத்திலும் யானைத் தலை வடிவான பிடிகள். வாயருகே செவ்வந்திப் பூக்கள். கழுத்திலே நிமிர்ந்து நிற்கும் வாழை இலைகள். அவ்விலைகளுக்கிடையேதான் உபய வாசகம். அதன்கீழ் மேகங்களிடையே பறக்கும் பறவைகள், தாமரைக் கொடி, பின்னர் நடுவயிற்றிலே முகிலைக் கிழித்துச் செல்லும் பறவைநாகம், அடியில் அலைகள். வாழையையும் தாமரையையும் யானையையும் கண்ட தமிழ் மாணவன் இது நம் ஊர்ப் பொருளென்றே ஒரு கணம் மயங்குவான்.

அமெரிக்க அறிஞர் ஜோன் அலெக்சாந்தர் போப் என்பவர் 1950களிலே இப்பூச்சாடிகளை உரைகல்லாக வைத்துக்கொண்டு பெரியதோர் ஆராய்ச்சியை நடத்தினார். துருக்கி நாட்டின் தொப்காப்பி அரண்மனையிலே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பாத்திரங்கள் உள்ளன. பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் 1611ஆம் ஆண்டில் தன் முன்னோரின் அடக்கத்தலமான அர்தபில் பள்ளிவாசலுக்கு 1,162 சீனப் பாத்திரங்களை வழங்கினான். இவ்விரு தொகுதிகளிலும், டேவிட் பூச்சாடிகளின் அலையும் தாமரையும் வாழையும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளனவோ அவ்வாறே எழுதப்பட்ட பாத்திரங்களைப் போப் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். தேதியில்லாத அவையெல்லாம் பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது இதனால் விளங்கியது. ஒரு தகப்பன் தன் பிள்ளைகளின் நலத்துக்காக எழுதுவித்த வரிகள் ஒரு நூற்றாண்டின் கலைக்கே சாட்சியாயின.

அதற்கப்பாலும் பின்னோக்கிச் செல்ல முடிந்தது. 1998ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, ஒன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய அராபியக் கப்பலொன்று கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 60,000 சீனப் பாத்திரங்கள் அதில் இருந்தன. அவற்றிடையே நீலச் சித்திரம் தீட்டிய தட்டங்கள் மூன்று. வியாபார நோக்குடன் தோண்டியவர்கள் எடுத்த பொருளை நூதனசாலையிற் காட்டலாமா என்று அமெரிக்காவிலே 2011இல் பெரும் விவாதம் எழுந்து, அங்கு நடக்கவிருந்த காட்சி தள்ளிவைக்கப்பட்டது. பொருள்கள் இப்போது சிங்கப்பூரில் உள்ளன.

அரண்மனைப் பொருள் கடைத்தெருவுக்கு வந்த வகை

டேவிட் சேர்த்த பொருள்களின் புகழைப் பாடுவோர் ஒரு கேள்வியைத் தவிர்த்துவிடுவர். அரண்மனைக்குள் இருந்த பொருள்கள் எவ்வாறு விலைக்கு வந்தன?

1860ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் அருகேயிருந்த கோடைகால அரண்மனையைக் கொள்ளையிட்டன. பின்னர் ஆங்கில உயர் ஆணையாளரின் கட்டளைப்படி அது கொளுத்தப்பட்டது. அங்கிருந்து சென்ற பொருள்கள் மேனாட்டு ஏலங்களிலே இன்றும் தலைகாட்டுகின்றன. 2009இல் பரிஸ் நகரிலே அவ்வரண்மனை நீரூற்றைச் சேர்ந்த எலித்தலையும் முயற்றலையும் ஏலத்துக்கு வந்தபோது, சீனர் ஒருவர் மிக உயர்ந்த விலையைக் கேட்டுவிட்டு, பணம் கொடுக்க முடியாதென்று வெளிப்படையாக மறுத்துவிட்டார். இரண்டும் 2013இல் சீனத்துக்குத் திரும்பின.

டேவிட் வாங்கியவை கொள்ளைப் பொருள்கள் அல்ல. ஆயினும் வறுமைப் பொருள்கள். 1912இல் முடியாட்சி ஒழிந்தபின், அரச குடும்பம் செலவுக்குப் பணமின்றி அரண்மனைச் செல்வங்களை ஈடுவைத்துக் கடன் பெற்றது. மீட்கப்படாமற்போன பொருள்கள் பீக்கிங் வங்கியொன்றின் பெட்டகத்திற் கிடந்தன. 1920களின் பிற்பகுதியில் டேவிட் அவற்றுட் பலவற்றை முயன்று வாங்கினார். அடகுவைத்த தாலிக்கொடியை மீட்க முடியாமல் வட்டிக்கடை வாசலில் நிற்பவளின் துயரம் அரண்மனைக்கும் வருமென்பதற்கு இது சான்று. சட்டப்படி வாங்கியது குற்றமில்லை என்போர் ஒரு பக்கம். விற்றவனுக்கு விற்காமலிருக்க வழியில்லாத போது அதனை முழு மனத்துடன் செய்த விற்பனை என்பது எப்படி என்போர் மறுபக்கம். இரு சாராரிடமும் உண்மை இருக்கிறது. எனினும் என் நெஞ்சு இரண்டாவது சாராரின் பக்கமே சற்றுச் சாய்கிறது.

ஆனால் டேவிட் வாங்கிக்கொண்டு மட்டும் போய்விடவில்லை. 1925இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட பீக்கிங் அரண்மனை நூதனசாலைக்கு அவர் உதவி செய்தார். 1935 நவம்பர் முதல் 1936 மார்ச் வரை இலண்டனிலே நடைபெற்ற மாபெரும் சீனக் கலைக் காட்சிக்கு அவரே முன்னின்று உழைத்தார். சீன அரசாங்கம் இரவலாகத் தந்த அரண்மனைப் பொருள்களைப் பிரித்தானியப் போர்க்கப்பலொன்று சுமந்துவந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்தனர். அக்காலத்தில் யப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி அரண்மனைப் பொருள்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றுள் 2,972 பெட்டிகள் 1948, 1949ஆம் ஆண்டுகளிலே தைவான் தீவுக்குக் கடல் கடந்தன. ஆகவே பீக்கிங், தைப்பே, இலண்டன் என்னும் மூன்று நகரங்களிலும் சீனத்து அரண்மனையின் ஒவ்வொரு துண்டு இருக்கிறதென்று சொல்லலாம்.

கண்ணை நம்பு, முத்திரையை நம்பாதே

சீனப் பாத்திரத்தின் அடியிலே அரசன் பெயரும் வமிசப் பெயரும் எழுதப்பட்டிருப்பது வழக்கம். இதைக் கண்டவுடன், 'ஐந்நூறு வருடப் பழமை!' என்று மகிழ்ந்து பணத்தைக் கொட்டுவோர் பலர். அம்முத்திரை ஏமாற்றும். சீனத் தொழிலாளர் முன்னோரின் சிறப்பை மதித்து, முற்காலத்து அரசனின் முத்திரையைப் பிற்காலப் பாத்திரத்தில் எழுதுவது உண்டு. 1677ஆம் ஆண்டில் ஜிங்தெஜென் நகர அதிகாரியொருவர், நடப்பு அரசனின் பெயரைப் பாத்திரங்களில் எழுதலாகாதென்று தடை விதித்தார். உடைந்த ஓட்டைக் காலால் மிதிக்கும்போது அரசன் பெயரையும் மிதிக்க நேருமே என்பது காரணம். தொழிலாளர் பழைய முத்திரைகளை எழுதினர். இதிலே வஞ்சகமில்லை, ஆனால் அறியாதவன் வஞ்சிக்கப்படுவான்.

அனுபவசாலிகள் முதலில் அடிவளையத்தைப் பார்ப்பார்கள். மெருகு பூசப்படாத அவ்விடத்திலே களிமண்ணின் உண்மையான நிறமும் நுண்மையும் தெரியும். பின்னர் விளிம்பை விரல்நகத்தால் மெல்லத் தட்டுவார்கள். குறையற்ற பீங்கான் மணிபோல் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஒலி செத்துவிடும். மெல்லிய பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபுறத்து விரலின் நிழல் தெரியும். கையிலெடுத்தால் எதிர்பார்த்த கனம் இருக்கிறதா என்பதும் ஒரு சோதனை. இவற்றை நூலாற் கற்க முடியாது. நூதனசாலையிலே நல்ல பொருளைப் பலமுறை பார்த்த கண், சந்தையிலே கெட்ட பொருளைக் கண்டவுடன் தயங்கும். அந்தத் தயக்கமே அறிவு.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் ஹொங்கொங் நகரிலே, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் ஒரு கைக்குள் அடங்கக்கூடியதுமான கிண்ணமொன்று 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் விலைபோயிற்று. சேவலும் பேடும் குஞ்சுகளும் மேயும் சித்திரம் அதில் உண்டு. வாங்கியவர் ஒருகாலத்தில் வாடகைக்கார் ஓட்டிப் பின் கோடீசுவரரான சங்காய் நகரத்தவர். அவர் அதிலே தேநீர் ஊற்றிக் குடித்தார்! உலகம் கொதித்தெழுந்தது. என்னைக் கேட்டால், கிண்ணம் தான் எதற்காகப் பிறந்ததோ அதனை ஒருமுறையேனும் செய்து பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

பூட்டப்பட்ட கதவு

டேவிட் தம் தொகுதியைப் பிள்ளைகளுக்கோ ஏலக்காரருக்கோ விடவில்லை. 1950இல் அதனை இலண்டன் சர்வகலாசாலைக்கு ஒப்படைத்தார். 1952இல் கோடன் சதுக்கத்திலுள்ள ஒரு வீட்டிலே அது திறக்கப்பட்டது. மாணவரும் பொதுமக்களும் வந்து பார்த்தனர். ஏறத்தாழ 1,700 பொருள்கள். உலகிலே சீனத்துக்கு வெளியே இதற்கு நிகரான பீங்கான் தொகுதிகள் மிகச் சில.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. நடத்துவதற்குப் பணம் போதவில்லை. 2007ஆம் ஆண்டு முடிவில் கதவு பூட்டப்பட்டது. கோடி கோடியாக மதிப்புள்ள பொருள்களைச் சூழ வைத்துக்கொண்டு, காவலாளிச் சம்பளத்துக்கு வழியில்லாத நிலை! ஒரேயொரு கிண்ணத்தை விற்றாற் போதுமே என்று சொன்னோர் இருந்திருப்பர். எதுவும் பிரிக்கப்படவில்லை. ஹொங்கொங்கைச் சேர்ந்த சர் ஜோசப் ஹோதுங் என்பவரின் கொடையால் பிரித்தானிய நூதனசாலையிலே தனி மண்டபம் அமைக்கப்பட்டு, 2009இல் தொகுதி அங்கே இரவலாகக் குடியேறியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், டேவிட் நிதியத்தின் தருமகர்த்தாக்கள் அதனை நிரந்தரமாகவே அந்நூதனசாலைக்கு அளிப்பதாக அறிவித்தனர். மதிப்பு ஏறக்குறைய நூறு கோடி பவுண். நுழைவுக் கட்டணம் இல்லை.

நம் கடற்கரையில்

இவையெல்லாம் தூரதேசத்துக் கதை என்று எண்ணவேண்டா. யாழ்ப்பாணத்தின் தீவகத்திலே, அல்லைப்பிட்டியில், 1977ஆம் ஆண்டு பேராசிரியர் ஜோன் கார்ஸ்வெல் அகழ்ந்தபோது, சுங் வமிசத்துக் காலச் சீனப் பாத்திரத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. மாதோட்டத்திலே 1980களில் நடந்த அகழ்விலும் அவ்வாறே. 'ரூ' பாத்திரங்கள் அரண்மனைக்குச் சென்ற அதே நூற்றாண்டுகளில் சீனத்து வணிகப் பாத்திரங்கள் நம் துறைகளில் இறங்கின. மாதோட்ட அகழ்வு 1984உடன் நின்றுபோயிற்று, போர் வந்துவிட்டது.

அப்போர் வேறொரு தொகுதியையும் குலைத்தது. 1990இல் தீவகத்தையும் 1995 ஒக்டோபரில் வலிகாமத்தையும் விட்டுப் புறப்பட்டவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பாட்டியின் சாடியைத் தூக்க யாருக்குக் கை இருந்தது? இன்று பழம்பொருட் கடைகளிலே காணும் சாடிகளுக்கும் பித்தளைச் செம்புகளுக்கும் ஊர் இல்லை, பேர் இல்லை. பொருள் தப்பிவிட்டது, அதன் வரலாறு தப்பவில்லை. வீட்டிலே பழைய பாத்திரம் எஞ்சியிருப்போர், அது யாருடைய சீதனம், எந்த ஊரில் இருந்தது, யார் எப்போது கொண்டுவந்தார் என்பதை ஒரு தாளிலே எழுதி அதனுள் இட்டுவைத்தால், ஜாங் வென்ஜின் செய்ததையே செய்தவராவர். பாத்திரத்தின்மேல் மையால் எழுதவேண்டா. பித்தளையைப் புளிபோட்டுத் தேய்த்துப் பொன்போலாக்கவும் வேண்டா. எழுத்து இருந்தால் அதனோடு தேய்ந்துவிடும். தொல்பொருள்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்வது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி குற்றமென்பதையும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து திரும்பும் உறவினர்க்குச் சொல்லிவைத்தல் நன்று.

கொழும்பு நூதனசாலையிலே கற்பலகையொன்று உண்டு. சீனக் கடற்றளபதி ஜெங் ஹோ 1409ஆம் ஆண்டுத் தேதியுடன் சீனத்திலேயே பொறித்துக் கப்பலிற் கொண்டுவந்த கல் அது. 1911இல் காலி நகரிலே வாய்க்காலொன்றை மூடிய கல்லாகக் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் காணிக்கைப் பட்டியல் அதிலே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பகுதி, தென்கோடியிலுள்ள தேவிநுவரவிற் கோயில் கொண்டிருந்த தேனாவரை நாயனாருக்கு அளித்தவற்றைக் கூறும். பொன், வெள்ளி, பட்டு, சந்தனம், வாசனை எண்ணெய் ஆகியவற்றோடு தூபக்கால்களும் பூச்சாடிகளும் அக்காணிக்கையில் அடங்கும். சீனப் பகுதி அவற்றைப் 'பழஞ்செம்பு' என்று குறிக்கிறது. யூஷான் ஊரான் தன் தெய்வத்துக்குக் கொடுத்த அதே வகைப் பொருள்கள், ஐம்பத்தெட்டு ஆண்டுகளின் பின் நம் நாட்டுக் கோயிலுக்கும் வந்தன. 1588இல் போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்துக் கொள்ளையிட்டனர். பட்டியல் கல்லில் இருக்கிறது.